விலாசம் கிடைக்காத கணினி

ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கலாம். விலாசம் ஓரிடத்தையே காட்டும். 30 ஆண்டுகளுக்கு மேல் தபால் நிலையத்தில் நின்றபடியே கடிதம் பிரித்தவன் என்ற உரிமையோடு இதைச் சொல்லுகிறேன். அழகிய கையெழுத்தும், உயர்ந்த காகிதமும், உள்ளே உயிரை உருக்கும் செய்தியும் இருந்தென்ன? உறையின்மேல் விலாசம் இல்லையென்றால் அது வெறுங் காகிதம். அனுப்பியவரும் காத்திருப்பார், பெறவேண்டியவரும் காத்திருப்பார், இருவருக்கும் இடையே ஏதோ ஒரு மேசையின்மேல் அந்தக் கடிதம் தூசி படிந்து கிடக்கும்.

2011இல் ஓய்வு பெற்றபோது, விலாசத்தோடு எனக்கிருந்த உறவு அத்துடன் முடிந்தது என்றே எண்ணினேன். முடியவில்லை. கணினியும் விலாசத்துக்கு ஏங்குகிற பிறவிதான் என்பதையும், அது கிடைக்காதபோது ஊரார் யாரைப் பழிப்பார்கள் என்பதையும் அம்பாங்கில் ஒரு புதன்கிழமை மாலை கண்டேன். அந்தச் சிறு நிகழ்ச்சியை வாசகர்முன் வைக்கவே இதை எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இயந்திரத்துக்கு விதி வகுத்தவனும் மனிதனே. அந்த விதி தவறினால் அவதிப்படுகிறவனும் மனிதனே.

அம்பாங், கோலாலம்பூரின் கிழக்கு எல்லையை ஒட்டியது. 1996 டிசம்பர் முதல் ஓடும் இலகு ரயிலுக்கு அதுவே கடைசி நிலையம். ஊரின் பெயருக்கு அணை என்று பொருள் கூறுவர். ஈய மண்ணை அலசுவதற்காக ஓடும் நீரை மறித்துத் தேக்கினார்கள். தேக்கிய இடத்தின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், ஆறு வழியே வந்து கரையேறிக் காட்டைக் கடந்து இங்கே ஈயம் தேடினர். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று என்று வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். இன்று இங்கே ஈயமும் இல்லை, சுரங்கமும் இல்லை. அடுக்குமாடி வீடுகளும், அவற்றில் நம்மவரும் இருக்கிறோம். நீரைத் தேக்கி வைத்த ஊர் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

எங்கள் மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒரு படிப்பகம் உண்டு. இரண்டு அலமாரி நிறைய நூல்கள், நான்கு நீள மேசைகள், சுவரில் ஒரு கடிகாரம், மூலையில் வைஃபை தரும் சிறு ரூட்டர்ப் பெட்டி. இவ்வளவே அதன் சொத்து. மாலை 6 மணிக்குமேல் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். 2020 மார்ச் மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடமெல்லாம் கணினிக்குள் புகுந்துகொண்டபோது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவுவதற்காகவே இந்த இணைய வித்தையை நான் கிழவயதில் கற்றேன். அதனால் படிப்பகத்தில் எந்தக் கம்பி அறுந்தாலும் எனக்கே ஆள் வரும்.

அந்தப் புதன்கிழமை வந்தவள் பதினெட்டு வயதுப் பெண். எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறியவள். தாய் நகரத்தில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவர். அந்த அலுவலகத்தார் கழித்த மடிக்கணினி ஒன்றை, சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் மகளுக்காக வாங்கி வந்திருந்தார். உயர்கல்விக்கான விண்ணப்பம் அதில் நிரப்பி முடிந்திருந்தது. சான்றிதழ்களின் படிகளும் அதிலேயே இருந்தன. அனுப்புவதற்குக் கடைசி நேரம் அன்று நள்ளிரவு. வீட்டில் இணையம் இல்லையாகையால் அந்தப் பெண் முதன்முதலாகக் கணினியைப் படிப்பகத்துக்குத் தூக்கி வந்திருந்தாள்.

“வைஃபை சேர்ந்துவிட்டது, தாத்தா. ஆனால் லைன் வரவில்லை” என்றாள். குரலில் அழுகை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் போவதற்கு முன்பே தீர்ப்புகள் பல வழங்கப்பட்டுவிட்டன. “எங்கள் கைத்தொலைபேசியிலெல்லாம் லைன் நன்றாக வருகிறது, ஆகவே கோளாறு உன் கணினியில்தான்” என்றார் ஒருவர். “கழித்துப் போட்ட பொருள் எப்படி வேலை செய்யும்?” என்றார் இன்னொருவர். “சில பொருளுக்கு ராசி இருக்காது அம்மா” என்று பெருமூச்சு விட்டார் மூன்றாமவர். ராசியாம்! தாய் எட்டு மாதச் சம்பளத்தில் கடன் கட்டும் பொருளுக்கு ஒரே மூச்சில் சாதகம் கணித்துவிட்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்குக் குற்றத்தை ஏற்றுக்கொள்ளுவது சிறு வயதிலேயே பழகிப்போகிறது.

கணினியைப் பார்த்தேன். வைஃபையின் அடையாளம் திரையில் இருந்தது. இணையம் இல்லை என்ற குறிப்பும் அருகில் இருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையைத் தட்டினேன். கணினி தன் விலாசத்தைச் சொல்லிற்று. அது 169.254 என்று தொடங்கிற்று. பாதி நோய் அங்கேயே விளங்கிவிட்டது.

எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வைஃபையில் சேருவது வேறு. விலாசம் பெறுவது வேறு. கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே நுழைவது, கல்யாண மண்டபத்தின் வாயிலைத் தாண்டுவதைப் போன்றது. பந்தியில் உட்கார்ந்து இலை பெறுவது அதற்கடுத்த காரியம். வாயிலைத் தாண்டியவரெல்லாம் உண்டவர் ஆவாரா? இந்தக் கணினி வாயிலைத் தாண்டிவிட்டது, இலைதான் கிடைக்கவில்லை.

இலை போடும் முறைக்கு ஒரு சட்டம் உண்டு. டி.எச்.சி.பி. என்பது அதன் பெயர். 1993இல் முதலில் வெளியாகி 1997இல் திருத்தம் பெற்ற அந்த விதியை எழுதியவர், அமெரிக்க நாட்டுப் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் டிராம்ஸ். புதிதாக வந்த கணினிக்குத் தன் விலாசமும் தெரியாது, விலாசம் கொடுப்பவர் யாரென்றும் தெரியாது. ஆகவே எல்லோர் காதிலும் விழும்படி அது கூவுகிறது: “இங்கே விலாசம் கொடுப்பவர் உண்டா?” கொடுப்பவர் இருந்தால், “இந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்” என்பார். “சரி, அதையே எனக்குத் தாருங்கள்” என்று கணினி வேண்டும். “தந்தேன், இத்தனை காலம் அது உன்னுடையது” என்று அவர் ஒப்புவார். தேடல், அளிப்பு, வேண்டல், ஒப்புதல் என்ற நான்கு பேச்சில் காரியம் முடியும். கண்ணிமைக்கும் நேரமும் ஆகாது.

இதில் இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனிக்கவேண்டும். முதலாவது, விலாசம் யாருக்கும் சாசுவதமாகக் கொடுக்கப்படுவதில்லை, குத்தகைக்கே கொடுக்கப்படுகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும், வைத்திருப்பவர் நீட்டிப்புக் கேட்பார், பெரும்பாலும் கிடைத்துவிடும். இரண்டாவது, கொடுப்பவரிடம் விலாசமே மிச்சமில்லை என்றால் அவர் “இல்லை” என்று சொல்லுவதில்லை. பேசாமல் இருந்துவிடுகிறார். கணினி கூவிக் கூவிக் களைத்து, கடைசியில் தனக்குத் தானே ஒரு விலாசம் சூட்டிக்கொள்கிறது. அதற்கென்று ஒதுக்கிய வரிசைதான் 169.254. கேட்டும் கிடைக்காதவர் சூடிக்கொள்ளும் பெயர் அது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்தில் தன்னைப் போலவே இருக்கும் கணினியோடு பேசலாம். வெளியுலகத்தோடு பேச முடியாது.

விலாசத்துக்கு ஏன் இத்தனை பஞ்சம் என்று கேட்கலாம். பழைய முறையில் உலகம் முழுவதற்கும் வகுத்த விலாசங்கள் 4,294,967,296. வகுத்த நாளில் அது கடலளவாகத் தோன்றிற்று. 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசிப் பகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுக் களஞ்சியம் காலியாயிற்று. 39 இலக்கம் கொண்ட தொகையளவு விலாசங்களைத் தரும் புதிய முறை வந்திருக்கிறது. எனினும் பழையது இன்னும் ஓய்ந்தபாடில்லை. பஞ்சத்தை முன்பே உணர்ந்து, 1996இல் ஒரு வழி செய்தார்கள். வீட்டுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் சில எண் வரிசைகளை ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண் அவற்றுள் ஒன்று. அம்பாங்கில் ஒரு வீட்டிலும் ஈப்போவில் ஒரு வீட்டிலும் அதே எண் இருக்கலாம், சண்டை வராது. வெளியுலகத்துக்குத் தெரிவது பெட்டியின் ஒரே விலாசம். உள்ளே யாருக்கு எது என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்ததே அப்படிப்பட்ட ஒரு விலாசத்தில்தான். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் இருந்தோம். லயத்துக்கு எண் உண்டு. அந்த எண் தோட்டத்துக்கு உள்ளே மட்டுமே செல்லும். வெளியுலகத்துக்கு நாங்கள் எல்லோரும் ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர். கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

என் பாட்டி தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவர். ஊரில் அவருக்குத் தாயும் ஒரு தம்பியும் இருந்தனர். 1963ஆம் ஆண்டில், எனக்கு எட்டு வயதிருக்கும், தம்பியிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. பாட்டி பெரட்டுக்குப் போய் நிற்பார், பெயர் கூப்பிடமாட்டார்கள், திரும்பி வந்து பால் வெட்டப் போவார். “இருக்கிறதா ஐயா?” என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. லயத்தில் பேசியவர்கள் பேசினார்கள். “கப்பலேறிப் போனவளைத் தம்பி மறந்துவிட்டான்” என்றனர். “அவள் தலையெழுத்து” என்றனர். பாட்டியும் அதை நம்பிவிட்டார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழிந்து வேறொரு கிராணியார் வந்தார். மேசையைச் சுத்தம் செய்தபோது, பேரேட்டின் அடியில் மூன்று கடிதங்கள் இருந்தன. தோட்டத்தில் பாட்டியின் பெயரிலேயே மூன்று பெண்கள் இருந்திருக்கிறார்கள். எவருக்குரியது என்று விசாரித்துக் கொடுக்கலாம் என ஒதுக்கி வைத்தவர், விசாரிக்க மறந்துவிட்டார். அவர் கொடியவர் அல்லர். எனக்கு ஒருமுறை மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறார். முதல் கடிதத்தில், தாய் படுக்கையில் இருப்பதாகவும் மகளைக் கேட்பதாகவும் தம்பி எழுதியிருந்தார். மூன்றாவதில் கேட்பதற்குத் தாய் இல்லை. என் தந்தை அவற்றைப் படித்துக் காட்டியபோது பாட்டி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “நான் அவனைத்தானே வைதுகொண்டிருந்தேன்.”

நான் தபால் வேலைக்குப் போனதற்குக் காரணம் அந்த மூன்று கடிதங்கள்தாம் என்றால் மிகையாகாது. இதனாலேதான், “எல்லோருக்கும் வருகிறது, இவளுக்கு மட்டும் வரவில்லை, ஆகவே குற்றம் இவளுடையது” என்ற தர்க்கத்தைக் கேட்டால் என் இரத்தம் சூடேறுகிறது.

கோபம் பரிகாரம் ஆகாது. சோதனை வேண்டும். சோதனையிலும் முறை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கவேண்டும். அலுவலகத்தில் இருந்த கணினியாயிற்றே, பழைய நிலையான விலாசம் எதையும் யாரேனும் அதில் எழுதி வைத்திருக்கிறார்களோ என்று முதலில் பார்த்தேன். இல்லை. கடவுச்சொல்லை மறக்கச் செய்து மீண்டும் சேர்த்தேன். சேர்ந்தது, விலாசம் இல்லை. இருக்கும் விலாசத்தை விட்டுவிட்டுப் புதிது கேட்கும்படி இரண்டு கட்டளைகள் உண்டு, அவற்றையும் கொடுத்தேன். நெடுநேரம் காத்திருந்து, விலாசம் அளிப்போரை எட்டமுடியவில்லை என்று கணினி முறையிட்டது.

அடுத்ததாக என் கைத்தொலைபேசியை எடுத்து, அதையே ஒரு சிறு வைஃபைப் பெட்டியாக்கினேன். ஹாட்ஸ்பாட் என்பார்களே, அதுதான். கணினியை அதில் சேர்த்தேன். மறு விநாடியே விலாசம் கிடைத்தது! இணையம் திறந்தது! ராசி இல்லாத கணினி, கழித்துப்போட்ட கணினி, கண் விழித்து ஓடிற்று. அந்தப் பெண்ணின் முகத்தை நான் வருணிக்கவேண்டியதில்லை. விண்ணப்பத்தை ஒருமுறை சரிபார்த்து அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 8:40.

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். “நல்ல காரியம் செய்தீர்கள் ஐயா” என்றார் படிப்பகத்தின் செயலாளர். அவர் நல்ல இளைஞர். வேலையிலிருந்து வந்த களைப்போடும் நாள்தோறும் கதவு திறப்பவர். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால், போகத்தான் எழுந்தேன். அப்போது அந்தப் பெண் கேட்டாள்:

“அப்படியானால் நாளைக்கு, தாத்தா?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உட்காரவைத்தது. நான் கொடுத்தது என்னுடைய லைன். என் காசில் வாங்கியது. நான் இருக்கும்வரைதான் அது. நான் எழுந்தால் அவளுக்கு விலாசம் இல்லை. ஒரு பசித்தவருக்கு என் இலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பந்தியில் அவருக்கு இலை போடாதது ஏன் என்று கேட்கவில்லை. கருணை நல்லதுதான், அதைக் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் கருணையோடு நின்றுவிடுகிறவன், கோளாறை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறான்.

ஆகவே ஒரு சோதனை மீதம் இருந்தது. கணினியில் கோளாறு இல்லையென்பது விளங்கிவிட்டது. இந்தப் படிப்பகத்துக்கே புதிதான இன்னொரு கருவிக்கு என்ன நேர்கிறது? முந்தின நாள் வாங்கிய பளபளப்பான கைத்தொலைபேசியோடு ஒரு பையன் இருந்தான். சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். சேர்ந்தது, லைன் வரவில்லை! அவன் தொலைபேசியைக் கழித்துப் போட்டது என்று எவரும் சொல்லத் துணியவில்லை. பழையவருக்கெல்லாம் கிடைக்கிறது, புதிதாக வந்தவர் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அப்படியானால் குற்றம் கேட்பவரிடம் இல்லை, கொடுப்பவரிடம் இருக்கிறது.

பெட்டியின் உள்ளே நுழைந்து கணக்கைப் பார்க்கவேண்டும் என்றேன். செயலாளர் தயங்கினார். “ஓடுகிறதை ஏன் தொடவேண்டும் ஐயா? எங்களுக்கெல்லாம் நன்றாக வருகிறதே! வேண்டுமானால் ஒருமுறை அணைத்துப் போடலாம்” என்றார். அணைத்துப் போட்டோம். பயனில்லை. சில பெட்டிகள் அணைத்தால் கொடுத்த கணக்கை மறந்துவிடும். எங்களுடையது மறவாத பெட்டி. “எங்களுக்கு வருகிறதே” என்ற அந்தச் சொல் மட்டும் என் நெஞ்சில் தைத்தது. அதில் வஞ்சம் இல்லை. கிடைத்தவருக்குக் கிடைக்காமை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அவரே கடவுச்சொல்லைத் தேடிக் கொடுத்தார். உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தோம். பெட்டி கொடுக்க அனுமதிக்கப்பட்ட விலாசங்கள், 100 முதல் 149 வரை, ஆக 50. ஐம்பதும் கொடுத்தாகிவிட்டது. யார் யாருக்கு? நாள்தோறும் வருவோர் கருவிகள் 14. மற்ற 36?

செயலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஐயா!”

முந்தின ஞாயிறன்று படிப்பகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டினோம். வந்தவர்கள் சேர்ந்தார்கள்; இரண்டு மணி நேரம் இருந்தார்கள்; வடையும் தேநீரும் உண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் போனது பெட்டிக்குத் தெரியாது. அதில் எழுதியிருந்த குத்தகைக் காலம் ஏழு நாள். செராசில் ஒருவர், காஜாங்கில் ஒருவர், கிள்ளானில் ஒருவர் என்று தத்தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்க, அவர்கள் பெயரில் 36 விலாசங்கள் எங்கள் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. புதிய கைத்தொலைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் சூடி வருவதும் இப்போது வழக்கமாகிவிட்டதால், ஒரே ஆள் இரண்டு பெயரில் இடம் பிடிப்பதும் உண்டு. நாள்தோறும் வருவோர் தங்கள் குத்தகையைப் பாதிக் காலத்திலேயே நீட்டித்துக்கொண்டதால் அவர்களுக்குக் குறையே தெரியவில்லை. புதிதாகக் கதவைத் தட்டிய பெண்ணுக்கு மட்டும் மௌனம்.

இங்கேதான் எங்கள் ஊரின் பெயர் நினைவுக்கு வந்தது. அம்பாங்! தேக்கம்! நீர் இல்லாமல் வறண்ட வயல் வேறு. மேலே தேங்கி நிற்க, கீழே வறண்ட வயல் வேறு. பின்னதைப் பார்த்து, “மண்ணுக்கு ராசியில்லை” என்று சொல்லுகிறவனை உழவன் சும்மா விடுவானா?

பரிகாரம் ஐந்து நிமிட வேலை. நோய் இதுதானா என்று உறுதி செய்ய, பட்டியலுக்கு வெளியே இருந்த 200 என்ற எண்ணை அந்தக் கணினியில் கையால் எழுதிப் பார்த்தேன். உடனே லைன் வந்தது. அதை அப்படியே விட்டுவிடக்கூடாது. கையால் எழுதிய எண்ணைப் பெட்டி நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், ஒரே விலாசத்தில் இருவர் மோதுவார்கள். ஆகவே அதை அழித்துவிட்டுப் பெட்டியின் விதியையே திருத்தினோம். 50 விலாசங்களை மேலும் பலவாக விரித்தோம். ஏழு நாள் குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறுக்கினோம். இருப்பவர் நீட்டித்துக்கொள்ளட்டும், போனவர் இடம் வருபவருக்கு ஆகட்டும். திருத்தத்தைப் பதிவு செய்ததும் அந்தப் பெண்ணின் கணினி மீண்டும் ஒருமுறை கூவிற்று. இம்முறை பதில் வந்தது. 192.168.1.150. புதிதாகத் திறந்த வரிசையின் முதல் எண். பையனின் தொலைபேசிக்கு 151.

வாசகர்களே, இதைச் சிறு செய்தி என்று நீங்கள் எண்ணலாம். நம் நாட்டிலே 1948இல் அடையாளக் கார்டு வந்த நாளிலிருந்து, நீலக் கார்டு, சிவப்புக் கார்டு, கார்டே இல்லாமை என்ற வேறுபாடுகளுக்கு நடுவே எத்தனை குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பு பதியப்படாமல் போயிருக்கும். பெற்றோருக்கு எழுத்து தெரியாது. அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கும் வேலைக்கும் போய் நிற்கும்போது, “உரிய காலத்தில் நீ ஏன் கேட்கவில்லை?” என்று கேட்போம். அவர்கள் கேட்டிருப்பார்கள், பதில் வந்திருக்காது. கிடைக்காதவர் எல்லோரும் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் கணினியிலேயே கோளாறு இருந்திருக்கக்கூடும். அதனால்தான் அதையும் சோதித்தேன். கேட்பவரை எத்தனை கவனமாகச் சோதிக்கிறோமோ அத்தனை கவனமாகக் கொடுப்பவரின் பட்டியலையும் சோதிக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். முன்னதை எல்லோரும் செய்கிறோம். பின்னதற்கு மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

பட்டியல் ஏழு நாளென்று இருந்தது எவருடைய சூழ்ச்சியும் அன்று. என்றோ யாரோ எழுதி வைத்தது. எவரும் திரும்பிப் பார்க்காதது. உலகத்து அநீதிகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பேரேட்டின் அடியில் கடிதம் கிடந்தது போலத்தான்.

மறுநாள் மாலை படிப்பகத்துக்குப் போனேன். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் கையெழுத்து. லைன் வராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். விலாசத்தைப் பார், 169.254 என்றால் வேறு வைஃபையில் சேர்த்துப் பார். அங்கே கிடைத்தால் இங்கே பட்டியலைப் பார். கடைசி வரியை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அது அவளுடையது.

“கிடைக்காதவரிடம், உங்கள் கணினி பழசா என்று முதலில் கேட்காதீர்கள்.”